காலி டைரக்டரியை நம்பிய பேக்கப்: எங்கள் அச்சகத்து என்எஃப்எஸ் அனுபவம்

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலை பத்தரை மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "எதிர்சேவைக்கு முந்தின நாள் இருந்த நாலாவது அத்தியாயத்தை எடுத்துக் குடுப்பா. அக்கா தெரியாம பழைய பிரதியத் திறந்து, அதும்மேலயே சேவ் பண்ணிட்டா. அய்யா ரெண்டு நாளா உக்காந்து திருத்துனது அம்புட்டும் போச்சு."

இதற்காகத்தானே பேக்கப் வைத்திருக்கிறோம், பத்து நிமிஷ வேலை என்று சொல்லிவிட்டுப் பழங்காநத்தத்திலிருந்து வண்டியை எடுத்தேன். போய் பேக்கப் டிஸ்கைத் திறந்து பார்த்தால் 'வேலை' என்ற டைரக்டரி இருக்கிறது, அதற்குள் ஒன்றுமே இல்லை. 610 ஜிபி இருந்த இடம். டிஸ்கின் பயன்பாடு 1 சதவீதம் என்று காட்டுகிறது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கை ஓடவில்லை.

என்ன நடந்தது, எதனால் நடந்தது, அதன்பிறகு எல்லாவற்றையும் எப்படி மாற்றிக் கட்டினேன் என்பதை எழுதி வைக்கிறேன். சின்ன அலுவலகத்தில் நாலைந்து லினக்ஸ் கம்ப்யூட்டர்களை ஒரு சர்வரோடு இணைத்து வைத்திருக்கும் யாருக்கும் இதே கதை நடக்கலாம்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவின் அச்சகம் மேலமாசி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் போன்றவை ஒரு பக்கம். பழைய தமிழ்ப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்தாக்கி, பிழை திருத்தி மறுபதிப்புக்குத் தயார் செய்வது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வேலைக்காக டெபியன் போட்ட ஐந்து மெஷின்கள், ஒரு சர்வர். சர்வரில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாக ஓடும் இரண்டு 2 டிபி டிஸ்குகள். அதிலிருக்கும் 'வேலை' டைரக்டரியை என்எஃப்எஸ் (ஒரு மெஷினில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியாக இன்னொன்றில் திறக்கும் முறை) மூலம் மற்ற மெஷின்கள் எல்லாம் மவுண்ட் செய்துகொள்ளும், அதாவது தங்கள் சொந்த டைரக்டரி போலவே இணைத்துக்கொள்ளும். மூலையில் இருக்கும் ஐந்தாவது மெஷினில் யாரும் உட்காருவதில்லை. அதில் ஒரு யூஎஸ்பி டிஸ்கை மாட்டி, குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் மூலம், ஃபைல்களை நகல் எடுக்கும் ஆர்சிங்க்கைத் தினமும் இரவு 1.30 மணிக்கு ஓட வைத்திருந்தேன். மூலம்: மவுண்ட் ஆகியிருக்கும் 'வேலை'. இலக்கு: யூஎஸ்பி டிஸ்க். கூடவே டெலிட் ஆப்ஷன்: மூலத்தில் இல்லாதது இலக்கிலும் இருக்கக் கூடாது. மூன்று வருடம் இப்படித்தான் ஓடியது.

எதிர்சேவை அன்று ராத்திரி கோடை மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மணி சுமாருக்குக் கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு எல்லாம் அணைந்து, கரண்ட் திரும்பி வந்தபோது மூலையில் இருந்த பேக்கப் மெஷின் தானாக எழுந்துகொண்டது. சர்வர் எழவில்லை. காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தேன்: சர்வரின் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர் 2032, செத்துப் போயிருந்தது. கரண்ட் போனதும் பயாஸ் தன் செட்டிங் அத்தனையையும் மறந்துவிட்டது. 'கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகு' என்று நான் வைத்திருந்த செட்டிங்கும் அதோடு போய்விட்டது.

பேக்கப் மெஷின் எழும்போது சர்வரைத் தேடியிருக்கிறது. இரண்டு நிமிஷம் முயன்று பார்த்துவிட்டு, மவுண்ட் இல்லாமலேயே மேலே போய்விட்டது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்த வரியில் 'நோஃபெயில்' என்று நான்தான் எழுதி வைத்திருந்தேன். சர்வர் இல்லையென்றால் மெஷின் பூட் ஆகாமல் நின்றுவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில்.

மணி 1.30. ஆர்சிங்க் ஓடியது. மூலம் இருக்கிறதா? இருக்கிறது. மவுண்ட் ஆகாவிட்டாலும் மவுண்ட் செய்யும் இடமாக ஒரு சாதாரண டைரக்டரி இருக்கும் அல்லவா, அது இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இலக்கில் இரண்டு லட்சத்துச் சொச்சம் ஃபைல்கள். மூலத்தில் இல்லாததை அழி என்பது உத்தரவு. அழித்துவிட்டது.

ஆர்சிங்க்கில் ஒரு பாதுகாப்பு உண்டு. மூலத்தில் ஒரு டைரக்டரியைப் படிக்கும்போது பிழை வந்தால், அழிக்கும் வேலையை நிறுத்தி வைத்துவிடும். ஆனால் காலி டைரக்டரி என்பது பிழை இல்லையே. படிக்க முடிந்தது, அதில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், உள்ளூர் விடுமுறை, அச்சகம் பூட்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் சித்தப்பா வந்து சர்வர் அணைந்திருப்பதைப் பார்த்து ஆன் செய்திருக்கிறார். எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றிருக்கிறது, அழுத்தியிருக்கிறார். மற்ற மெஷின்களையும் ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் வழக்கம்போல் வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்று காலையில்தான் அந்த நாலாவது அத்தியாயம் மேலெழுதப்பட்டு, என்னைக் கூப்பிட்டார்கள்.

முதலில் செய்தது கிரானை நிறுத்தியது. இரண்டாவது, டிஸ்கை மவுண்டிலிருந்து கழற்றியது. அழிந்ததை மீட்கலாமா என்று யோசித்தேன். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் ஃபைலை அழிக்கும்போது, அதன் துண்டுகள் டிஸ்கில் எங்கெங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். ஃபோட்டோரெக் மாதிரி ஒரு கருவியை ஓட்டினால் உள்ளடக்கம் ஓரளவு கிடைக்கும், பெயரும் இடமும் கிடைக்காது. பெயரில்லாத இரண்டு லட்சம் ஸ்கேன் பக்கங்களில் ஒரு அத்தியாயத்தைத் தேடுவதா? சர்வரில் மற்ற எல்லாம் பத்திரமாக இருந்தது. போனது அந்த ஒரு அத்தியாயம்தான். மீட்பு வேலையைக் கைவிட்டேன்.

அத்தியாயத்தை மீட்டுக் கொடுத்தது காகிதம். அய்யா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திரையில் பிழை பார்க்க மாட்டார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதி போட்டுக் கொடுப்பார். அந்த 64 தாள்களும் க்ளிப் போட்டு அலமாரியில் இருந்தன. ஒற்று விட்ட இடத்தில் சின்னக் கூரை, சேர்ந்துபோன சொற்களுக்கு நடுவே நெடுங்கோடு, இரண்டு இடத்தில் "மூலத்தோடு ஒப்பிடுக" என்ற குறிப்பு. அக்கா ஒன்றரை நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி ஏற்றினார். அய்யா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தாள் இருக்குல்ல தம்பி" என்றார்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வேறு கவலை. சர்வரில் இருப்பதுதான் இப்போது ஒரே பிரதி. இரண்டு டிஸ்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடிதானே என்று சிலர் நினைக்கலாம். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும், சரி. ஒரு ஃபைலைத் தவறாக அழித்தாலோ மேலெழுதினாலோ இரண்டிலும் அதே நொடியில் அது நடக்கும். அதை பேக்கப் என்று எண்ணக் கூடாது.

உடனே முழுப் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். அச்சகத்தில் இருந்த ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி போகும். 610 ஜிபிக்குப் பதினைந்தரை மணி நேரம். அத்தனை நேரமும் கரண்ட் போகக் கூடாது என்று நேர்ந்துகொள்ளாத குறை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் பேட்டரி வாங்கி வந்து வைத்திருந்தேன், ஆனால் சர்வரை அணைத்து அதை மாற்றுவதற்கு மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரதி ஓடிக்கொண்டிருந்த அந்த ராத்திரியில்தான் லாக் ஃபைலைத் திறந்தேன். அதில் இருந்தது இப்படி: அழிக்கிறேன் என்ற சொல், அதற்குப் பக்கத்தில் \#340\#256\#256 என்று தொடங்கும் நீண்ட எண் வரிசை. அடுத்த வரி அதே மாதிரி. அதற்கடுத்ததும். லட்சக்கணக்கான வரிகள்.

இது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது, தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் எல்லோரும் இதைச் சந்திப்பார்கள். எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். 'ம' என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளை எட்டடிமான எண்ணில் எழுதினால் 340, 256, 256. கிரான் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்போது பல சமயம் அதற்கு யூடிஎஃப்-8 மொழி அமைப்பு கிடைப்பதில்லை. அப்போது ஆர்சிங்க் தமிழ் எழுத்தை அச்சிட முடியாத பைட் என்று எண்ணி, இப்படி எண்ணாக மாற்றி லாக்கில் எழுதிவிடுகிறது. ஃபைலின் பெயருக்கு ஒன்றும் ஆவதில்லை, லாக்கில் மட்டும்தான் இந்தக் கோலம். மூன்று வருடமாக லாக் இப்படித்தான் இருந்தது, அதனால் மூன்று வருடமாக அதை யாரும் படிக்கவில்லை. நடந்த அத்தனையையும் அது வரி வரியாகச் சொல்லியிருந்தது.

தீர்வு சுலபம். எட்டு என்ற எண்ணையே ஆப்ஷனாகக் கொடுத்தால், அதாவது மைனஸ் 8, ஆர்சிங்க் அந்த பைட்டுகளை அப்படியே விட்டுவிடும். ஸ்கிரிப்டின் தலையிலேயே மொழி அமைப்பை யூடிஎஃப்-8 என்று வைத்துவிட்டால் இன்னும் நல்லது. இரண்டையும் செய்தேன். பெயர் நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ட்4-ல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் அது 85 குறியீடு, புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும். 'மீனாட்சி' என்று எழுதினாலே எட்டுக் குறியீடு, 24 பைட். புத்தகத்தின் முழுத் தலைப்பையும் உரையாசிரியர் பெயரையும் பதிப்பு ஆண்டையும் ஒரே ஃபைல் பெயரில் எழுதும் பழக்கம் எங்கள் அச்சகத்தில் இருந்தது. அதை விடச் சொன்னேன்.

இனி அடிப்படைக்கு வருகிறேன். என்எஃப்எஸ் 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. வேறொரு மெஷினில் இருக்கும் ஃபைல் நம் மெஷினிலேயே இருப்பதுபோல் தெரிய வேண்டும், எந்த ப்ரோக்ராமும் வித்தியாசம் அறியக் கூடாது என்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் நன்றாகவே நிறைவேறிவிட்டது. எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதுதான் தொந்தரவு. 'வேலை' டைரக்டரி என் கண்முன் இருந்ததால் அது இங்கேதான் இருக்கிறது என்று நினைத்து அங்கிருந்து பேக்கப் எடுத்தேன். அது அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகத் தெரியும் பண்டம். எடுக்க வேண்டுமானால் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

மவுண்ட் வழியாக எடுப்பதில் வேகக் குறைவும் உண்டு. எந்த ஃபைல் மாறியிருக்கிறது என்று பார்க்க, ஒவ்வொரு ஃபைலின் அளவையும் நேரத்தையும் நெட்வொர்க் தாண்டிக் கேட்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கணக்கெடுப்புக்கு மட்டும் தினமும் 25 நிமிஷம் ஆனது. சர்வரிலேயே ஓட்டினால் 3 நிமிஷம். இன்னொன்று, ஆர்சிங்க்கின் பெரிய பலமே ஒரு ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதுதான். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் அதை வெளியிட்டதே அதற்காகத்தான். ஆனால் இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பாதையாக இருந்தால் அது அந்த வித்தையை நிறுத்திவிட்டு முழு ஃபைலையும் நகல் எடுக்கும். என்எஃப்எஸ் மவுண்ட் அதன் கண்ணுக்கு உள்ளூர்ப் பாதைதான். கட்டாயப்படுத்தி அந்த வித்தையைச் செய்ய வைத்தாலும் பயனில்லை. எது மாறியது என்று பார்க்க முழு ஃபைலையும் நெட்வொர்க் வழியாகப் படித்தாக வேண்டும், அப்புறம் என்ன மிச்சம்?

அனுமதி விஷயம் இதைவிட மோசம். லினக்ஸ் என்எஃப்எஸ் சர்வரில் 'ரூட் ஸ்குவாஷ்' இயல்பாகவே இயங்கும். ஒரு க்ளையண்ட் மெஷினின் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி, வந்து கேட்டால், சர்வர் அவரை 'நோபடி' என்ற ஆளில்லா ஆளாக மாற்றிவிடும். பாதுகாப்புக்கு இது மிகவும் தேவை. ஆனால் பேக்கப் ஓடுவது ரூட்டாக. சொந்தக்காரர் மட்டும் படிக்கலாம் என்றிருக்கும் ஃபைல் எதையும் 'நோபடி'யால் படிக்க முடியாது. எங்கள் லாக்கைப் பின்னோக்கிப் படித்தபோது, சித்தப்பாவின் கணக்கு வழக்கு டைரக்டரி ஏழு மாதமாக ஒரு நாளும் பேக்கப்பில் ஏறவில்லை என்று தெரிந்தது. ஆர்சிங்க் ஒவ்வொரு இரவும் 23 என்ற முடிவு எண்ணோடு நின்றிருக்கிறது. 23 என்றால் ஒரு பகுதிதான் போய்ச் சேர்ந்தது என்று பொருள். 24 வந்தால் அவ்வளவு பயமில்லை, நகல் எடுப்பதற்குள் ஏதோ ஒரு ஃபைல் காணாமல் போனது என்று அர்த்தம். என் பழைய ஸ்கிரிப்ட் இந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. ரூட் ஸ்குவாஷை எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். எடுத்தால் எந்த மெஷினில் ரூட் ஆனாலும் சர்வரின் எல்லா ஃபைலையும் ஆளலாம். பேக்கப்புக்காக அந்தக் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை.

மவுண்ட் செய்யும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயல்பாக என்எஃப்எஸ் 'ஹார்ட்' மவுண்டாக இருக்கும். சர்வர் போய்விட்டால் ப்ரோக்ராம் அப்படியே காத்திருக்கும், சர்வர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். திரை உறைந்து நிற்பதைப் பார்த்து எரிச்சல்பட்டு, ஒரு சமயம் நான் எல்லா மெஷினிலும் 'சாஃப்ட்' என்று மாற்றியிருந்தேன். அப்போது கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுப் பிழை என்று சொல்லித் திரும்பிவிடும். அதன் விளைவு, பல ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டும் டார் கருவியால் செய்த ஒரு பழைய ஃபைலைத் திறந்தபோது தெரிந்தது. ஒரு ஸ்கேன் பக்கம், மேல்பாதியில் பாட்டும் உரையும் தெளிவாக இருக்கின்றன, சரியாக ஒரு வரியின் நடுவில் வெட்டி அதற்குக் கீழே முழுக்கக் கறுப்பு. க்ளிப் உடைந்த ஒரு நெட்வொர்க் கேபிள் அந்த நேரத்தில் ஆடியிருக்க வேண்டும். படிக்க முடியாத மிச்சத்தை டார் சுழியங்களால் நிரப்பிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டது. ஃபைலின் அளவு சரியாக இருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி ஹார்டுக்கு மாற்றினேன். உறைந்து நிற்கும் திரை எவ்வளவோ மேல்.

சரி, புதிய அமைப்பு. மூலையில் இருக்கும் அதே மெஷின்தான் பேக்கப் மெஷின். ஆனால் இப்போது அதில் 'வேலை' மவுண்ட் ஆவதே இல்லை. அது எஸ்எஸ்எச் (இன்னொரு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகச் சர்வருக்கு நேராகப் போய், சர்வரில் ஓடும் ஆர்சிங்க்கோடு பேசி இழுத்துக்கொள்கிறது. சர்வர் பக்கம் தன் டிஸ்கைத் தானே படிப்பதால் அனுமதித் தொல்லை இல்லை, கணக்கெடுப்பு அங்கேயே நடக்கிறது, மாறியது மட்டும் கேபிளில் வருகிறது. இதற்கென்று தனியாக ஒரு சாவி செய்து, ஆர்சிங்க்கோடு வரும் ஆர்ஆர்சிங்க் என்ற சின்னக் கருவியால் அதைக் கட்டிப் போட்டேன். அந்தச் சாவியை வைத்துக்கொண்டு 'வேலை' டைரக்டரியைப் படிக்கலாம், எழுத முடியாது, வேறு கட்டளை எதையும் ஓட்டவும் முடியாது. எஸ்எஸ்எச் சர்வரிலும் ரூட் நுழைவதற்கு 'ஃபோர்ஸ்டு கமாண்ட்ஸ் ஒன்லி' என்று வைத்துவிட்டேன். சர்வரிலிருந்து பேக்கப் மெஷினுக்குப் போக எந்தச் சாவியும் கிடையாது. நாளைக்குச் சர்வரில் எவனாவது புகுந்து எல்லாவற்றையும் அழித்தாலும் பேக்கப்பை அவனால் தொட முடியாது. பழைய ஸ்விட்சையும் கிகாபிட்டாக மாற்றினேன். முன்பு விடிய 2.40 வரை ஓடிய வேலை இப்போது 11 நிமிஷத்தில் முடிகிறது.

டெலிட் ஆப்ஷனை இந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டேன். ஒரே பிரதியைத் தினமும் திருத்துவதற்குப் பதிலாக, தினமும் அந்தந்தத் தேதியில் ஒரு புது டைரக்டரி. இதற்கு லிங்க்-டெஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. நேற்றைய பிரதியைக் காட்டிவிட்டால், மாறாத ஃபைல்களுக்கு ஹார்ட் லிங்க் (டிஸ்கில் இருக்கும் அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மட்டும் போட்டு, மாறியதை மட்டும் புதிதாக எழுதும். ஒவ்வொரு தேதியைத் திறந்தாலும் முழு அச்சகமும் தெரியும், டிஸ்கில் ஏறுவது அன்றைய மாற்றம் மட்டும், எங்களுக்கு ஒரு நாளைக்கு 3 ஜிபி போல. மூலம் காலியாக இருந்தாலும் இன்றைய தேதிதான் காலியாக இருக்கும், நேற்று அப்படியே இருக்கும். இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் ஹார்ட் லிங்க் தாங்கும் ஃபைல் சிஸ்டத்தில் இருக்க வேண்டும், கடையில் வாங்கிய எக்ஸ்ஃபேட் டிஸ்கை அப்படியே பயன்படுத்த முடியாது. அப்புறம், முப்பது தேதியில் தெரியும் ஒரு ஃபைல் உண்மையில் டிஸ்கில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடம் கெட்டால் முப்பதும் கெடும். அதனால் இரண்டாவது டிஸ்க் ஒன்று தனியாக வேண்டும். எங்களுடையது சனிக்கிழமைதோறும் என் பையில் வீட்டுக்கு வருகிறது, முந்தின வாரத்து டிஸ்க் அச்சகத்துக்குப் போகிறது.

ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் முதலில் ஒரு ஃபைலைத் தேடுகிறது. சர்வரின் 'வேலை' டைரக்டரியில் 'இங்கே-இருக்கிறேன்' என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைல் வைத்திருக்கிறேன். அது கண்ணில் படாவிட்டால் எதையும் தொடாமல் நின்று என் போனுக்குச் செய்தி அனுப்பும். பேக்கப் டிஸ்கிலும் அதே போல் ஒரு அடையாள ஃபைல். அதோடு, பழைய தேதிகளைக் கழிக்கும் வேலை, இன்றைய பிரதி நல்லபடியாக முடிந்து, ஃபைல்களின் எண்ணிக்கை நேற்றையதில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே நடக்கும்.

மற்ற மெஷின்களில் 'வேலை' தொடர்ந்து மவுண்ட் ஆகிறது. அங்கே செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொன்றிலும் மவுண்டைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் வெறும் டைரக்டரிக்குள் 'மவுண்ட்-ஆகவில்லை-அண்ணனைக்-கூப்பிடு' என்று ஒரு ஃபைல் போட்டேன். பிறகு சேட்டர் கட்டளையால் அந்த டைரக்டரியை மாற்ற முடியாததாகப் பூட்டினேன். சர்வர் மவுண்ட் ஆனால் அது மறைந்துவிடும். ஆகாத நாளில் அது மட்டும்தான் தெரியும், உள்ளே யாரும் எதையும் சேவ் செய்யவும் முடியாது. இதைச் செய்யும்போது அக்காவின் மெஷினில் அடியில் மூன்று ஃபைல்கள் கிடந்தன. எப்போதோ ஒரு நாள் மவுண்ட் ஆகாத காலையில் அங்கே சேவ் ஆகி, மவுண்ட் வந்ததும் அதற்கு அடியில் மறைந்துபோனவை. அதில் ஒன்று, காணவில்லை என்று போன வருடம் மறுபடி முழுக்க டைப் செய்த ஒரு வாழ்த்துரை. அக்கா அதைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு மெஷினும் தன் சொந்த சிஸ்டத்தை வாரம் ஒருமுறை டார் செய்து 'வேலை'க்குள் வைக்கும் ஏற்பாடும் இருந்தது. அதில் ஒரு ஓட்டை. டார் மேலிருந்து தொடங்கி எல்லா டைரக்டரிக்குள்ளும் போகும், மவுண்ட் ஆன 'வேலை'க்குள்ளும்தான். ஆக ஒரு மெஷினின் டாருக்குள் மற்ற மெஷின்களின் டார், அடுத்த வாரம் அதற்குள் இது. ஒன்றை ஒன்று விழுங்கி ஒரு சமயம் சர்வர் 94 சதவீதம் நிரம்பியது இதனால்தான். 'ஒன்-ஃபைல்-சிஸ்டம்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் டார், தான் தொடங்கிய டிஸ்கை விட்டு வெளியே போகாது. ஆர்சிங்க்கில் அதுவே மைனஸ் எக்ஸ், ஃபைண்டில் எக்ஸ்டெவ். லோக்கல் டிஸ்க் எது, வெளியிலிருந்து வந்தது எது என்று பார்க்க டிஎஃப் கட்டளைக்கு மைனஸ் எல் கொடுத்தால் போதும். உள்ளூர் டிஸ்குகளை மட்டும் காட்டும்.

இரண்டு சின்ன விஷயம். ஒருவர் திறந்து வைத்திருக்கும் ஃபைலை அதே மெஷினில் அழித்தால், என்எஃப்எஸ் அதை உடனே அழிக்காமல் புள்ளியில் தொடங்கி என்எஃப்எஸ் என்று வரும் ஒரு பெயருக்கு மாற்றி வைத்திருக்கும். பேக்கப்பில் இவற்றைத் தவிர்த்துவிடலாம். அடுத்தது சொந்தக்காரர் எண். சர்வரில் 1003 அக்கா, பேக்கப் மெஷினில் 1003 நான். பெயரை வைத்துப் பொருத்த விடாமல் எண்ணை அப்படியே வைக்க 'நியூமெரிக்-ஐடிஸ்' ஆப்ஷன் கொடுத்தேன். இல்லாவிட்டால் திரும்பக் கொண்டுவரும் நாளில் யாருடைய ஃபைல் யாருடையது என்று குழம்பும்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை, சித்தப்பா ஏதாவது ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்வார். எதைச் சொல்வார் என்று எனக்கு முன்கூட்டித் தெரியாது. பேக்கப்பிலிருந்து அதைத் தனி இடத்தில் இறக்கி, சர்வரில் இருப்பதோடு உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடுவேன். பிறகு நடுவில் நாலைந்து பக்கத்தைத் திறந்து கண்ணாலும் பார்ப்பேன், அந்தக் கறுப்புப் பக்கத்துக்குப் பிறகு வந்த பழக்கம். போன முறை அவர் சொன்னது அந்த நாலாவது அத்தியாயம் உள்ள புத்தகத்தை. எதிர்சேவைக்குப் பிறகான தேதிகள் வரிசையாக இருந்தன. அக்கா இரண்டாம் முறை ஏற்றி முடித்த நாளின் பிரதியைத் திறந்து பிரிண்ட் எடுத்து அய்யாவிடம் கொடுத்தேன். அலமாரியிலிருந்து தன் சிவப்பு மைத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 64 பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டிருந்தது. அதைத் திருத்தி, மூலையில் தேதி போட்டுக் கொடுத்தார்.